தூத்துக்குடி போய் வந்த பார்சல்



போன வாரம் பேத்திக்கு வந்த பார்சல், தூத்துக்குடி போய்விட்டுத் தாண்டிக்குடி வந்து சேர்ந்தது. 624 என்று எழுதியதில் 4 பார்ப்பதற்கு 8 போல இருந்தது. 628 தூத்துக்குடியின் எண். ஊர்ப் பெயரும் 'குடி' என்றே முடிகிறது. பிரித்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்திய அரசு அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி என்று அப்போது ஒரே குழப்பம். நம் பக்கத்திலேயே எத்தனை புதுப்பட்டி! முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 624 என்றால் திண்டுக்கல். கடைசி மூன்றும் சேர்ந்தால்தான் நம் அஞ்சலகம். 1985இல் மாவட்டம் பிரிந்த பிறகும் பலர் 'மதுரை மாவட்டம்' என்றே எழுதினார்கள். எண் சரியாக இருந்தால் போதும், வந்துவிடும்.

பெறுபவரும் இல்லை, அனுப்பியவர் விலாசமும் இல்லை என்றால்? அதற்கென்று இருந்த அலுவலகத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'செத்த கடித ஆபீஸ்'! பிறகு 'திரும்பிய கடித அலுவலகம்' ஆனது. 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே அதற்கென நியமிக்கப்பட்டவர் கடிதத்தைப் பிரித்து விலாசம் தேட முடிந்தது. படித்ததை வெளியே சொல்லக் கூடாது என்றும் இருந்தது.

என் மாணவன் ஒருவனுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு, தேதி முடிந்து நான்காம் நாள் மலையேறி வந்தது. உறையில் பின்கோடு இல்லை. அவன் விண்ணப்பத்தில் முகவரி எழுதிக் கொடுத்தவன் நான்தான்.