அறிவிப்பு விலையும் பண்ணை விலையும்

நாமக்கல் மண்டல முட்டை விலையை நாளிதழில் காணும் பலர் அதனை அரசு ஆணை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்னும் பண்ணையாளர் அமைப்பு பரிந்துரைக்கும் விலை. வியாபாரி அதற்கே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முட்டைக்கு வியாபாரிகள் சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்றவே, பி.வி. ராவ் முன்முயற்சியில் 1982-இல் அக்குழு பிறந்தது. சிதறிக் கிடந்த பண்ணையாளர்களுக்கு ஒரே குரலைத் தந்தது அதன் பெரும் சாதனை. ஆனால், மோகனூர்ப் பக்கம் சிறு பண்ணை நடத்தும் என் உறவினருக்கு அறிவித்த விலை முழுமையாகக் கிடைத்த நாள்கள் குறைவு. பண்ணை வாசலில் வியாபாரி சில காசுகளைக் கழித்தே எடுக்கிறார். இதற்கு இவ்வட்டாரத்தில் 'மைனஸ்' என்று பெயர். கோழி நாளும் முட்டையிடுகிறது. தீவனக் கடன் நிற்பதில்லை. முட்டையோ நெடுநாள் தாங்காது. வேண்டாம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பும் துணிவு பெரும் பண்ணைகளுக்கே உண்டு.

சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் வேறு வழியில் சென்றது. ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலையினரின் இக்கூட்டுறவுச் சங்கம் சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரி காட்டி, மறைமுக ஏலத்தில் விற்றுத் தருகிறது. விலை படியாவிட்டால் மூட்டை காத்திருக்கும். (முட்டைக்கு அந்தப் பொறுமை ஏது?) எனினும், அங்கே உறுப்பினர் ஆலையதிபர், மரவள்ளி பயிரிட்டவர் அல்லர். பிடுங்கிய கிழங்கு சில நாள்களில் கெட்டுவிடும். மாவுச்சத்துப் புள்ளியை அளந்து ஆலை தரும் விலையை அவர் ஏற்றாக வேண்டும். ஆட்சியர் கூட்டும் முத்தரப்புக் கூட்டம்தான் அவர் பேசுமிடம்.

ஒரு தொழிலின் பெயரால் பேசும் சங்கம், அத்தொழிலில் யாருக்காகப் பேசுகிறது என்பதே என் கேள்வி. மைனஸைச் சங்கம் ஆணையிட்டு ஒழிக்க இயலாது; போட்டியாளர்கள் ஒன்றுகூடி விலையைக் கட்டுவதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால், முந்தைய நாள் பண்ணைகளில் உண்மையில் நடந்த விலையைத் திரட்டி, அறிவிப்பு விலைக்குப் பக்கத்திலேயே வெளியிடலாம். கழிக்கப்படும் காசு எவ்வளவு, யாரிடம் கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்பது அப்போது அச்சில் தெரியும். என் உறவினரிடம் இப்போது இருப்பது வியாபாரி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு மட்டுமே.