பெண் பிள்ளையின் படிப்பும் மன்னாரின் நூறு ஆண்டுகளும்

நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவி முதலில் தேடுவது பெயர்களைத்தான். வைத்தியரானவர் யார், பொறியியலாளரானவர் யார், வெளிநாட்டில் உயர்ந்த பதவியில் இருப்பவர் யார் என்று பார்ப்போம். அப்பெயர்கள் எமக்குப் பெருமை தருபவை. ஆனால் எமது பாடசாலையில் படித்தவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால், மன்னாரில் பாடசாலை ஒரு பெண் பிள்ளையை எதற்கு ஆயத்தப்படுத்தியது என்ற கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது.

வடபகுதியில் பெண் கல்வி முதலில் வேர்விட்டது யாழ்ப்பாணத்தில். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். மன்னாரோ தூரத்தில் இருந்தது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்த பின்னரும், தீவின் கரையோரக் கிராமங்களிலிருந்தும் கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயற்கிராமங்களிலிருந்தும் பெண் பிள்ளையைப் படிக்க அனுப்புவது இலகுவாக இருக்கவில்லை. தம்பி தங்கையரைப் பார்க்க, கருவாடு காயவைக்க, ஓலை பின்ன வீட்டில் அவள் தேவைப்பட்டாள். பெரியபிள்ளையானதும் படிப்பு நின்றுவிடும். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், செபம் ஆகியவற்றோடு ஒரு நல்ல குடும்பப் பெண்ணை உருவாக்குவதே அந்நாளில் பாடசாலையின் நோக்கமாக இருந்தது. 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, அந்தச் சிறிய படிப்புக்குக்கூட வீட்டுக்கு வெளியே ஒரு பயன் இருப்பது தெரியவந்தது.

பெரிய மாற்றம் 1945இல் வந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டணம் கட்ட இயலாத வீட்டில் மகனுக்கே முதலிடம். கட்டணம் நீங்கியதும் மகளும் வகுப்பில் தொடர முடிந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. அக்காலத்தில் க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்த பெண்ணுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: ஆசிரியை, தாதி, எழுதுவினைஞர். இவற்றில் ஆசிரியத்தொழில்தான் மன்னாரை அதிகம் மாற்றியது. பயிற்சி முடித்து நானாட்டானுக்கோ முசலிக்கோ பேசாலைக்கோ நியமனம் பெற்றுச் சென்ற ஒரு ரீச்சரைப் பார்த்துத்தான், படித்த பெண் சம்பளம் வாங்கிக் குடும்பத்தைத் தாங்கலாம் என்று அக்கிராமத்துத் தாய்மார் நம்பினார்கள்.

பல்கலைக்கழகத்தின் கதவு பிந்தியே திறந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதனால் இழந்தவை பல. ஆயினும் 1974இல் சேர்க்கப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு முன்பு இல்லாத இடங்களைத் தந்தது என்பதும் வரலாறுதான். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியதால், மகளைக் கொழும்புக்கோ பேராதனைக்கோ அனுப்பத் தயங்கிய பெற்றோரும் துணிந்தனர். ஆனால் ஒதுக்கீடு இடத்தை மட்டுமே தரும். அந்த இடத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்த விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும்.

1990ஆம் ஆண்டு எல்லாவற்றையும் குலைத்தது. ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார் புகையிரதம் நின்றது. தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைத்த பாலம் தகர்ந்தது. ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழியர் சில நாட்களுக்குள் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனார்கள். வேறு பலர் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் பதிந்தார்கள். மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான நிலையங்கள் அமைந்தன. மண்ணெண்ணெய் கிடைக்காத பெருநிலப்பரப்பில் பொழுதுபடுமுன் படித்து முடிக்க வேண்டியிருந்தது. அந்நிலையிலும் பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றினார்கள். நகையை விற்ற வீடுகளிலும் பெறுபேற்றுச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரப்படுத்தினார்கள். போன ஊரில் அடுத்த வகுப்பில் சேர அதுவே வழி.

அந்த ஆண்டுகளில்தான் பாடசாலை தந்த இன்னொரு பயிற்சியின் பெறுமதி புரிந்தது. இலக்கிய மன்றத்தில் செயலாளராக இருந்தவள் கூட்ட அறிக்கை எழுதப் பழகியிருந்தாள். பொருளாளராக இருந்தவள் வரவு செலவுக் கணக்கைச் சபை முன் வாசித்திருந்தாள். மாணவத் தலைவியாக இருந்தவளுக்கு நூறு பேருக்கு முன் நின்று பேசும் துணிவு இருந்தது. பரீட்சையில் இவற்றுக்குப் புள்ளி இல்லை. எனினும் முகாமில் நிவாரணப் பட்டியல் எழுதியவர்களும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் கடன் குழுக்களையும் நடத்தியவர்களும் இத்தகைய பெண்களே. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 தை மாதம் மன்னார் மாவட்டத்தில் அமர்ந்தபோது, காணாமற்போன உறவுகளைத் தேடியவர்கள் எழுத்திலும் வாய்மொழியிலும் தம் முறைப்பாட்டைச் சொல்ல வேண்டியிருந்தது. திகதியும் இடமும் பெயரும் பிசகாமல் ஒரு மனு எழுதத் தெரிந்த பெண், தனக்காக மட்டுமல்ல, எழுதத் தெரியாத அயலாருக்காகவும் எழுதினாள். அவர்கள் கேட்ட பதில் கிடைத்ததா என்பது வேறு விடயம். ஆனால் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கக் கற்றதை நாம் வாழ்க்கையின் வெற்றி என்றே கணக்கில் சேர்ப்போம்.

இப்போது புதிய பாலம் இருக்கிறது. 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 2021இல் வவுனியாவிலும் பல்கலைக்கழகம் உருவாகிவிட்டது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. மன்னார் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது. அந்தச் சலுகை தேவைப்படாத நாள் வரவேண்டும் என்பதே எமது விருப்பம்.

உலகெங்கும் வாழும் பழைய மாணவிகளிடம் நாம் கேட்பதும் இதிலிருந்தே வருகிறது. கட்டடத்துக்கும் மணிக்கூட்டுக்கும் தருவதுபோல, கணித விஞ்ஞான வகுப்புகளுக்கும், தூரக் கிராமத்துப் பிள்ளையின் விடுதிச் செலவுக்கும் பேருந்துச் செலவுக்கும் தாருங்கள். புத்தளத்திலும் தமிழ்நாட்டிலும் தங்கிவிட்ட எங்கள் தோழியரின் விலாசங்களைத் தேடித் தாருங்கள். மன்ற வேலையால் படிப்புக் கெடும் என்று இன்றைய பெற்றோர் சொன்னால், செயலாளராக இருந்த நாளில் நீங்கள் கற்றது என்ன என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்போகும் பிள்ளை இன்று எட்டாம் வகுப்பில் இருக்கலாம்.