ரொட்டியும் கல்லெழுத்தும்: நவோனா சதுக்கத்து நீரூற்று

ரோம் நகரின் நவோனா சதுக்கத்தில் உள்ள நான்கு நதிகள் நீரூற்று 1651 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. அமைத்தவர் ஜான் லொரென்சோ பெர்னினி. பணித்தவர் திருத்தந்தை பத்தாம் இன்னசென்ட். அவர் பிறந்த பாம்ஃபிலி குடும்பத்தின் மாளிகையும் அதே சதுக்கத்தில்தான் இருந்தது. இதனைப் பரோக் கலையின் உச்சமெனப் போற்றும் நூல்களுள் பல, அது எழுந்த ஆண்டுகளைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன.

1640களின் பிற்பகுதியில் விளைச்சல் பொய்த்து, நகரில் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. அந்நிலையிலும் நீரூற்றுக்கான செலவு மக்களின் வரிப்பணத்திலிருந்தே திரட்டப்பட்டது. ரொட்டிகூட வரிக்குத் தப்பவில்லை. அப்பியா நெடுஞ்சாலையருகே, மக்சென்டியஸின் தேரோட்டக் களத்தில் உடைந்து கிடந்த ஒபெலிஸ்க் தூணின் துண்டுகள் சதுக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது, அக்கற்களின் மீதே பெயரிடப்படாத வசைத்தாள்கள் தோன்றின. வேண்டுவது ரொட்டி, தூணும் ஊற்றுமன்று என்பதே அவற்றின் சாரம். அருகிலுள்ள பாஸ்குவினோ என்னும் சிதைந்த சிலையில் அங்கதத் தாள்களை ஒட்டும் வழக்கம் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தமையால், ரோமானியருக்கு இம்முறை புதிதன்று.

தாளிலிருந்ததை எவரும் படிக்க முடிந்தது. தூணிலிருந்ததை எவராலும் படிக்க இயலவில்லை. எகிப்தியப் பட எழுத்துகளை ஒலியின் குறிகளாக அன்றி, மறைஞானத்தின் சின்னங்களாகக் கருதினார் யேசு சபை அறிஞர் அத்தனாசியஸ் கிர்ச்சர். இத்தூணுக்கு விரிவான விளக்கம் கூறும் அவரது நூல் 1650இல் வெளிவந்தது. அவ்விளக்கம் முற்றும் தவறு. ஆயினும் அவரை எள்ளி ஒதுக்குதல் முறையாகாது: காப்டிக் மொழி பழைய எகிப்திய மொழியின் வழிவந்தது என்பதை அவரே சரியாக உணர்ந்திருந்தார், 1822இல் ஷாம்போலியோன் எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது காப்டிக் அறிவே பெருந்துணையாயிற்று. அதன்பின் தூணில் தென்பட்டவை பேரரசன் டொமிஷியனின் பெயரும், அவன் தந்தை வெஸ்பாசியன், தமையன் டைட்டஸ் ஆகியோரின் பெயர்களுமே. நவோனா சதுக்கமோ டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் மேல் அமைந்தது. அதன் நீண்ட வடிவமே அதற்குச் சான்று. தன் புகழ் பொறித்த கல் தன் அரங்கிற்கே வந்து சேர்ந்ததை, அதனை நிறுவியோர் அறிந்திலர்.

தூணின் கீழ் டான்யூப், நைல், கங்கை, பிளாட்டா ஆகிய நதிகள் நான்கு கண்டங்களைக் குறித்து அமர்ந்திருக்கின்றன. கங்கை இங்குத் துடுப்பேந்திய, தாடியுடைய ஆண். ஐரோப்பியச் சிற்ப மரபில் நதித்தெய்வம் பெரும்பாலும் ஆணே. இலத்தீனிலும் இத்தாலியத்திலும் கங்கையின் பெயர் ஆண்பாற்சொல். இந்திய வாசகருக்கு உண்டாகும் வியப்பிற்கு அவ்விலக்கணப் பாலும் ஒரு விடையாகலாம். நைலின் முகம் துணியால் மறைக்கப்பட்டிருப்பது அதன் மூலம் அக்காலத்தில் அறியப்படாமையைச் சுட்டும்.

பீடத்தில் இன்னசென்டின் பெயரால் இலத்தீன் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, நைல் நாட்டுப் புதிர்கள் பொறித்த கல்லை ஆறுகளின் மேல் அவர் நிறுவியதன் நோக்கத்தைக் கூறுகிறது: உலாவுவோர்க்கு இனிமை, தாகமுற்றோர்க்கு நீர், சிந்திப்போர்க்கு உணவு. உணவு என்னும் சொல் அக்கல்வெட்டில் இடம்பெறுவது அவ்வொரு பொருளில் மட்டுமே.