செஸ் மணிக்கூடு எதற்காக வந்தது?



பிள்ளைகளின் செஸ் போட்டிக்கு மணிக்கூடு வைப்போமா என்று கேட்டால், "சின்னப் பிள்ளைகள், அவசரப்படுத்தாதேங்கோ" என்கிறோம். மணிக்கூடு வந்த கதையைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டோம்.

1851இல் இலண்டனில் நடந்த முதலாவது சர்வதேச செஸ் போட்டியில் மணிக்கூடு இல்லை. சிலர் ஒரு நகர்வுக்கே நெடுநேரம் எடுத்தார்கள். எதிரில் இருந்தவர்கள் களைத்துப்போனார்கள். 1861இல் அண்டர்சனும் கொலிஷும் மோதியபோது ஆளுக்கொரு மணற்கடிகாரம் வைத்தார்கள். 24 நகர்வுகளுக்கு 2 மணித்தியாலம். 1883இல் இலண்டனில் இரட்டை மணிக்கூடு வந்தது. ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடும்.

ஆனாலும் வெல்லும் நிலையில் இருப்பவரே நேரம் முடிந்து தோற்கலாம். அதைக் குறைக்க, ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகள் கூட்டித் தரும் மணிக்கூட்டுக்கு 1988இல் பொபி ஃபிஷர் காப்புரிமை கேட்டார். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் அப்படி நகர்வுக்கு 30 விநாடிகள் கிடைத்தன.

தாயக்கட்டை உருட்டி ஆடும் பேக்கமன் போட்டிகளிலும் இப்போது மணிக்கூடு உண்டு. கட்டை எப்படி விழும் என்பது யார் கையிலும் இல்லை. நேரத்தையாவது சமமாகப் பங்கிடலாம்.

வெளியூர்ப் போட்டியில் முதன்முதலாக மணிக்கூட்டைக் காணும் பிள்ளை, பலகையை விட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இங்கேயே பழக்கிவிடுவோம். பழைய கைத்தொலைபேசி ஒன்றும் இதற்குப் போதும். செஸ் மணிக்கூட்டுச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் சும்மா கிடந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தந்துதவுங்கள்.