மூதூரின் பெயரும் கட்டளை வரியும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் அமைந்த மூதூர், பிறர் எழுத்தில் தன் பெயர் பலவாறு எழுதப்படுவதை நெடுங்காலமாகக் கண்டுவந்த ஊராகும். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் இக்குடாவில் ஒதுங்கியதும், 1660இல் அதன் தலைவரும் அவர் மகன் ரொபட் நொக்ஸும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டதும், 1681இல் இலண்டனில் வெளிவந்த நொக்ஸின் நூலால் உலகறிந்தன. அன்று தொட்டு இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் உரோம எழுத்தில் ஏறியபோதெல்லாம் எழுதுவோரின் செவிக்கேற்ப வடிவம் மாறின. இன்றும் மூதூரின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு 'ரி' இட்டும், இரண்டு 'ரி' இட்டும், 'எச்' சேர்த்தும் எழுதப்படுகிறது. கடிதம் கொண்டுவரும் தபாற்காரருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. கணினி வலையமைப்புக்கோ இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற வெவ்வேறு பெயர்கள்.

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலான முகவரி உண்டு. அவ்வெண்ணை மனிதர் நினைவில் வைத்திருப்பது அரிது என்பதால், பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறும் ஏற்பாடு தொடக்கத்திலேயே வேண்டியிருந்தது. இணையத்தின் முன்னோடியான அமெரிக்க 'ஆர்ப்பாநெற்' வலையமைப்பில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் பட்டியலாக இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அதைப் பேணினர். பிற நிலையங்கள் அக்கோப்பைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியதும் ஒரே பட்டியல் தாங்காது என்பது தெளிவாகவே, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் 'ஆள்களப் பெயர் முறைமை'யை வகுத்தார். பெயரைப் புள்ளிகளால் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் பொறுப்பையும் அதற்குரியவரிடமே ஒப்படைப்பதும், கேட்கும் கணினியை மேலுள்ள சேவையகம் கீழுள்ள சேவையகத்தை நோக்கி வழிப்படுத்துவதும் அம்முறைமையின் அடிப்படையாகும். 1987இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றளவும் அடித்தளமாக உள்ளன.

பொறுப்பு பல கைகளுக்குப் பிரிந்தபின், எந்தச் சேவையகம் என்ன விடை தருகிறது என்பதை நேரே கேட்டறியும் கருவி தேவைப்பட்டது. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இம்முறைமைக்கான 'பைண்ட்' மென்பொருள் எழுதப்பட்டதை ஒட்டி 'என்எஸ்லுக்அப்' என்னும் கட்டளையும், பின்னர் 'டிக்' என்னும் கட்டளையும் தோன்றின. கட்டளை வரி என்பது படமோ பொத்தானோ இன்றி, எழுத்தால் ஆணையிட்டு எழுத்தாலேயே விடை பெறும் இடம். உலாவி பக்கத்தைக் காட்டும் அல்லது 'கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். இக்கட்டளைகளோ விடை தந்தவர் யார், அவ்விடை எத்தனை விநாடிக்குச் செல்லும், பெயரே இல்லையா அல்லது சேவையகம் பழுதுற்றதா என்று பிரித்துச் சொல்லும்.

இவ்வளவு நுட்பமான முறைமையின் கணினிப் பெயர்களுக்கு ஒரு வரம்பு இடப்பட்டிருந்தது. உரோம எழுத்து இருபத்தாறு, இலக்கம் பத்து, சிறுகோடு ஒன்று ஆகியவற்றுக்கு அப்பால் எதையும் அப்பெயர்களில் வைக்க இயலாது. 1990இல் இலங்கைக்கு 'எல்கே' என்னும் ஆள்களம் வழங்கப்பட்டு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பதிவகம் அமைந்தபோதும் இவ்வரம்பே நிலவியது. தமிழ் கணினியில் ஏறியிருந்தும் பயனில்லை: 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் திரையில் தெரிந்தது தமிழ் வடிவம், உள்ளே சேமிக்கப்பட்டதோ உரோம எழுத்துக்கான குறியெண். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற எழுத்துக் கூட்டமாகவே விரியும்; அத்தகைய ஒன்று உலகுக்குப் பொதுவான பெயராக நிற்க முடியாது.

தமிழ்ப் பெயருக்கான முயற்சி தொடக்கத்தில் வலுப்பெற்ற இடங்களுள் சிங்கப்பூர் குறிப்பிடத்தக்கது. அங்கு தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு 1998 அளவில் பன்மொழி ஆள்களப் பெயர்களைச் சோதித்தபோது தமிழும் அதில் இடம்பெற்றது. 2003இல் 'பியூனிகோட்' என்னும் மாற்றுமுறை நியமமாக வெளியாயிற்று. எம்மொழிப் பெயரையும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறியிலிருந்து உரோம எழுத்தும் இலக்கமும் கலந்த தொடராக மாற்றி, முன்னால் 'எக்ஸ்', 'என்' என்னும் இரு எழுத்துகளையும் இரண்டு சிறுகோடுகளையும் இடுவது அதன் வழி. 2007இல், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பு, உலகின் பெயர் முறைமை முழுவதற்கும் தலைமையான வேர்மண்டலத்தில் பதினொரு சோதனைப் பெயர்களைச் சேர்த்தது. அவற்றுள் தமிழுக்குரியது 'பரிட்சை'. 'உதாரணம்.பரிட்சை' என்று தட்டச்சிட்டு உலகின் எம்மூலையிலிருந்தும் ஒரு பக்கத்தை அடைய முடிந்தது தமிழின் வரலாற்றில் சிறு நிகழ்வன்று. 2009 நவம்பரில் நாடுகளின் பெயருக்கான விரைவு வழி திறக்கப்பட, 2010இல் '.இலங்கை'யும் சிங்களத்தில் '.ලංකා'வும் வேர்மண்டலத்தில் ஏறின. சிங்கப்பூரும் இந்தியாவும் தத்தம் பெயரைத் தமிழில் பெற்றன.

மூதூரில் ஒரு மாணவர் இதைக் கட்டளை வரியில் சோதிப்பதாயின், 'டிக்' என்று எழுதி, இடைவெளி விட்டு, 'இலங்கை' என்னும் ஆள்களத்தின் பெயர்ச்சேவையகங்களைக் கேட்கலாம். கருவி பழையதாயின் தமிழெழுத்தை மாற்றாமலே அனுப்பிப் 'பெயர் இல்லை' என்ற விடையைப் பெறக்கூடும். அப்போது உண்மையான வடிவத்தை, அதாவது முன்னொட்டின் பின் 'எக்ஸ்-கே-சி-2-ஏ-எல்-3-எச்-வை-ஈ-2-ஏ' என்பதைத் தட்டச்சிட்டால் விடை வரும். ஆறு குறியெண்களாலான 'இலங்கை' அங்கே முன்னொட்டோடு சேர்த்துப் பதினாறு எழுத்துகளாக நிற்கிறது. 'மூதூர்' என்பதும் ம, ஊகாரக் குறி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறியெண்களே. 'டிக்' கட்டளையோடு 'டிரேஸ்' என்னும் தெரிவைச் சேர்த்தால், வேர்ச்சேவையகம் தொடங்கிக் கீழ்ச்சேவையகம் வரை கேள்வி கைமாறும் ஒவ்வொரு படியும் வரிவரியாக இறங்கிவரும். முப்பதாண்டுக்கு மேற்பட்ட அதிகாரப் பகிர்வு முழுவதும் ஒரு திரைக்குள் புலப்படுவது அப்போதுதான்.

தமிழெழுத்தில் எழுதிவிட்டாற் பெயர்க் குழப்பம் முற்றும் நீங்கிவிடும் என்று கருதுவதும் தவறு. மாவட்டத் தலைநகரான திருகோணமலையின் பெயரில் உள்ள 'கோ'வை ஒரே குறியாலும், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். நியம மாற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுவதால் தீங்கில்லை. 'கௌ' என்பதன் இறுதியில் ளகரத்தைத் தட்டினாலோ கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பெயர் வேறாகிவிடும். 'திருகோணமலை', 'திருக்கோணமலை' என்னும் இரு வழக்குகளும் முறைமைக்கு இரண்டு பெயர்கள்; ஒன்றைப் பதிந்தவருக்கு மற்றது தானாக உரித்தாகாது. இவ்வேறுபாடுகளை உலாவி மறைத்துவிடும். கட்டளை வரி காட்டிக்கொடுக்கும்.

இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஆள்களப் பெயர் முறைமை இடம்பெற்றுள்ளது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வரைவிலக்கணத்தை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், கணினி அறையில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, நாட்டின் பெயர் தமிழில் எந்தச் சேவையகங்களில் நிலைபெற்றுள்ளது என்பதை மாணவர் தம் கையாலேயே கேட்டறியச் செய்ய வேண்டும். மூதூரின் பாடசாலைகளும் சங்கங்களும் தம் இணையப் பெயரைப் பதியும்போது, உரோம வடிவத்தோடு தமிழ் வடிவத்தையும், வழக்கில் உள்ள மாற்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே பதிந்துகொள்வது நன்று.