செப்பேடும் நெகிழ்வட்டும்

சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கான யாகசாலை அமைப்பதற்காக 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மண்ணைத் தோண்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், அவற்றோடு 400-க்கும் அதிகமான செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஏடுகளில் பொறிக்கப்பட்டிருந்தவை தேவாரப் பதிகங்கள். திருஞானசம்பந்தர் பிறந்த ஊரின் மண்ணே அவர் பாடல்களைத் திருப்பிக் கொடுத்தது என்று செய்தித்தாள்கள் வியந்து எழுதின. நம்மை வியக்கச் செய்தது வேறொன்று. மண்ணைத் துடைத்ததும் இவை இன்ன பாடல்கள் என்று அறிந்தோர் சொல்லிவிட்டனர். அதற்கு எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. வெளிச்சமும், பழைய எழுத்தைப் பழகிய கண்ணும் போதுமானவையாக இருந்தன.

கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரம். அங்கே பூட்டிய அறையொன்றில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மன்னன் துணையோடு நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பது மரபு. செல்லுக்குத் தப்பிய ஏடுகள் சிலவே என்றும் அம்மரபு கூறுகிறது. ஆனால் தப்பியவை அத்தனையும் படிக்கக் கூடியவையாக இருந்தன. எனவே இப்பகுதி மக்களுக்கு ஏடு தேடிய கதை புதிதன்று.

இனி இதே சீர்காழியில் ஒரு வீட்டுப் பரணில் 1995ஆம் ஆண்டைச் சேர்ந்த அட்டைப்பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உள்ளே ஃபிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகள் ஐம்பது. அயல்நாட்டில் பணிபுரிந்து ஊர் திரும்பிய ஒருவர் கொண்டு வந்தவை. செப்பேட்டோடு ஒப்பிட்டால் இவற்றின் வயது ஒன்றுமேயில்லை, முப்பது ஆண்டுகள்தாம். ஆயினும் ஒரு வட்டைக் கையிலெடுத்து எந்த ஒளியில் பிடித்தாலும் ஓர் எழுத்தும் தெரியாது.

அவ்வட்டுகளில் என்ன இருக்கக்கூடும்? தமிழர் கணினி வழியே ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிய காலத்தின் முதல் எழுத்துகள் இருக்கக்கூடும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை முதலிய பெருநகரங்களில் தொடங்கிற்று. அதற்கு முன்பே, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்த தமிழர்கள் யூஸ்நெட் என்னும் செய்திக் குழுக்களில் கூடினர். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளால் எழுதி, இலக்கியமும் அரசியலும் சமையலும் பேசினர், சண்டையும் போட்டனர். பின்னர் தமிழ் எழுத்திலேயே எழுதும் ஆவல் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனையும் தந்தனர். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் வழியே நாடுகளைக் கடந்து தமிழரைத் தமிழிலேயே உரையாட வைத்தது.

இவற்றை ஏன் வட்டில் எழுதி வைத்தார்கள் என்பதற்கு எளிய காரணம் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியே இணைப்புப் பெற்ற நாள்கள் அவை; நிமிடத்துக்கு நிமிடம் காசு. இணைப்பை ஏற்படுத்தி, வந்த மடல்களை இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிட்டு, பின்னர் ஆற அமரப் படிப்பது வழக்கம். கணினியின் வன்தட்டிலும் இடம் குறைவு. ஆகவே பாதுகாக்க வேண்டியவை வட்டுக்குச் சென்றன. பிறர்க்கு எழுத்துருவை அனுப்புவதற்கும் வட்டே வாகனம்.

மூன்றரை அங்குல வட்டின் உள்ளே இருப்பது இரும்பு ஆக்ஸைடு பூசிய மெல்லிய பாலியெஸ்டர்த் தகடு. பக்கத்துக்கு 80 வளையங்கள். வளையத்துக்கு 18 கூறுகள். கூறு ஒன்றுக்கு 512 பைட்டுகள். இரு பக்கமும் சேர்த்துப் பெருக்கினால் 14,74,560 பைட்டுகள். பக்கத்துக்கு 2000 குறிகள் என்று கொண்டால், சட்டைப்பையில் அடங்கும் அச்சிறு சதுரத்தில் 700 பக்க நூலொன்று அடங்கிவிடும். இன்று ஒரு நிழற்படத்துக்கே அது போதாது என்பது வேறு செய்தி.

பூச்சைத் தகட்டோடு பிணைக்கும் பசை ஈரத்தால் சிதையும்; தகட்டின்மேல் பூஞ்சை படரும். காவிரிப் படுகையின் ஈரத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2022 நவம்பர் 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் சீர்காழியில் சுமார் 44 செ.மீ. மழை பெய்தது. நெற்பயிரோடு வீட்டுப் பொருள்களும் நீரில் நின்ற நாள்கள் அவை. நனைந்த பெட்டிகளில் எத்தனை வட்டுகள் இருந்தன என்று யார் எண்ணினார்கள்?

பூஞ்சை படிந்த வட்டை அப்படியே இயக்கியில் செருகுவது பெருங்கேடு. படிக்கும் தலை தகட்டைச் சுரண்டிவிடும். அழுக்கேறிய அதே தலை அடுத்து வரும் நல்ல வட்டையும் கெடுக்கும். முதலில் கூட்டைத் திறந்து, தகட்டைத் தூய்மை செய்து, உலர்த்தி, வேறு கூட்டில் இடவேண்டும். இது பழகிய கையின் வேலை. அதன்பின் வட்டின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டால், கணினி அதில் படிக்கலாமேயன்றி எழுத முடியாது. வட்டைப் புரிந்துகொள்ளாத கணினி, இதைப் புதிதாக வடிவமைக்கட்டுமா என்று பணிவோடு கேட்கும். அக்கேள்விக்கு ஆம் என்றவர் பலர். அத்தோடு வட்டின் வரலாறு முடிந்தது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. இயக்கிகள் டாஸ் முறையில் எழுதப்பட்ட வட்டுகளை மட்டுமே படிக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மெக்கின்டாஷ் கணினிகளோ 800 கிலோபைட் வட்டுகளை, வளையத்துக்கேற்பச் சுழலும் வேகத்தை மாற்றி எழுதின. யு.எஸ்.பி. இயக்கிக்கு அவை வெற்றுத் தகடுகள். இத்தகைய வட்டுகளுக்கெனக் கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் என்னும் சிறு மின்பலகைகள் வந்துள்ளன. இவை கோப்பைத் தேடுவதில்லை. தகட்டின்மீது காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் பதிவு செய்துகொள்கின்றன. பொருள் கொள்வது பின்னர் மென்பொருளின் வேலை. நலிந்த கூறுகளைப் பலமுறை படித்து ஒப்பிட்டுத் தேறுவதும் இயலும். ஓலைச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் சிதைந்த அடிகளுக்குப் பல படிகளை ஒப்பிட்டது போன்றதே இது. இங்கே படி ஒன்றே, படிப்பதுதான் பல முறை.

இவ்வளவும் கைகூடிய பின்னர், திரையில் கோப்பு திறக்கிறது. தமிழ் இல்லை! பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் வரிவரியாக நிற்கின்றன. வட்டு கெட்டுவிட்டதென்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பைட்டும் கெடவில்லை. திறக்க வேண்டிய இரண்டாம் பூட்டு இது.

அன்றைய கணினி ஒரு பைட்டில் 256 இடங்களையே கொண்டது. முதல் 128 ஆங்கிலத்துக்கு உரியவை. எஞ்சிய 128-இல் தமிழின் 247 எழுத்துகள் எப்படி அடங்கும்? எதற்குத் தனியிடம், எதைக் கால், கொம்பு, புள்ளி என்று பிரித்து ஒட்டுவது என்பதை ஒவ்வோர் அறிஞரும் தத்தம் கருத்துப்படி முடிவு செய்தார். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தினர். அவர்தம் உழைப்பை வணங்குகிறோம். ஆனால் விளைவு திருவிவிலியம் கூறும் பாபேல்தான். ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், மற்றோர் எழுத்துருவைக் கொண்டவருக்கு வெறும் கிறுக்கலாயிற்று. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்கவே கூடின. டிஸ்கி, டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் பிறந்தன, ஒன்றாகவேண்டியது மூன்றாயிற்று. 1991-இலேயே ஒருங்குறி என்னும் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது நம் கணினிகளில் நிலைபெறப் பல ஆண்டுகள் சென்றன. தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்று உள்ளன. ஆயினும் மாற்றம் என்பது எண்ணுக்கு எண் ஈடு வைப்பதன்று. ‘கொ’ என்பதை டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்றாக எழுதியது. ஒருங்குறியோ முதலில் க, பின்னர் ஒகரக் குறி என ஒலி வரிசையில் இரண்டாக எழுதும். இவ்வேறுபாட்டை அறியாத மென்பொருள் கொம்பை முந்தைய எழுத்தின் தலையில் கொண்டுபோய் வைத்துவிடும்.

எழுத்துருவின் பெயரே தெரியாவிட்டால்? முதலில் அதே பெட்டியின் வேறு வட்டுகளில் எழுத்துருக் கோப்பு உள்ளதா என்று தேட வேண்டும். இல்லையெனில் கல்வெட்டறிஞரின் வழிதான். மடல்கள் பெரும்பாலும் ‘வணக்கம்’ என்று தொடங்குவன. மெய்யெழுத்துக்குத் தனியிடம் தந்த எழுத்துருவாயின் அச்சொல்லில் வேறுவேறான ஐந்து குறிகள் இருக்கும். புள்ளியைத் தனியே வைத்ததாயின் குறிகள் ஏழு; மூன்றாவதும் ஐந்தாவதும் ஒன்றாயிருக்கும், நான்காவதும் ஏழாவதும் ஒன்றாயிருக்கும். அந்த ஒரு சொல் பிடிபட்டால் வ, ண, க, ம, புள்ளி ஆகியவை கைக்கு வந்துவிடும். மற்றவை மெல்ல அவிழும்.

மதுரைத் திட்டத்தின் அனுபவம் இங்கே நினைக்கத்தக்கது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய அத்திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களை மின்னூல்களாக்கிற்று. எழுத்துருக்களும் குறியேற்றங்களும் மாறிய காலம் முழுவதும், கோப்புகளை டிஸ்கிக்கும் பின்னர் ஒருங்குறிக்கும் அவர்கள் மாற்றிக்கொண்டே வந்தார்கள். இன்ன குறியேற்றத்தில் உள்ளது என்னும் குறிப்பைக் கோப்பிலேயே எழுதி வைத்தார்கள். எனவே அந்நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அதே மனிதர்கள் அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்ட மடல்களுக்கு அக்கவனிப்பு கிடைக்கவில்லை. நூலைக் காப்பவர் உண்டு. பேச்சைக் காப்பவர் யார்?

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் என்பவர், 1981 முதல் 1991 வரை வந்த யூஸ்நெட் மடல்களைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார். நாடாக்கள் 141. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வைஸ்மன் முதலியோர் அவற்றைப் பெற்றுப் பெரும்பாடு பட்டுப் படித்தெடுத்தனர். ஏறத்தாழ இருபது இலட்சம் மடல்கள் 2001-இல் உலகின் பார்வைக்கு வந்தன. ஒரு மனிதர் எறியாமல் வைத்திருந்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. நம் பாதிரியார் அந்தாவோ தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் அவ்வாறே பிழைத்தது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்நூலின் படியைத் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டார். 1966-இல் மலேயாவிலிருந்து அதை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டார்.

அச்சு நூலுக்கும் மடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூல் எல்லாருக்கும் எழுதப்பட்டது. மடலோ தெரிந்த சில நூறு பேர் முன்னிலையில், சில வேளை ஒருவருக்கே எழுதப்பட்டது. ஊரைப் பிரிந்த ஏக்கமும், வேலை போன துயரும், கோபத்தில் வந்த சொல்லும் அதில் இருக்கும். எழுதியவர் சிலர் இன்று இல்லை. படித்தெடுக்க முடிகிறது என்பதாலேயே ஊரறிய வெளியிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. பொது உரையாடலை வேறாகவும் தனிக் கடிதத்தை வேறாகவும் பிரித்து, பின்னதை எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்படைப்பதே முறையென்று கருதுகிறோம்.

கணியன் தந்த நா. கோவிந்தசாமி 1999-லேயே மறைந்தார். அவர் காலத்தவர் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். வட்டைத் துடைத்துப் படிப்பது அடுத்த ஆண்டும் நடக்கலாம். எந்தக் கணினியில் எழுதினீர்கள், எந்த எழுத்துரு, மேலொட்டிலுள்ள இந்த இரண்டெழுத்து யாருடைய பெயர் என்னும் கேள்விகளை இந்த ஆண்டே கேட்கவேண்டும். பதிலைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி அப்பெட்டியிலேயே வைத்து, பெட்டியைத் தரையிலிருந்து உயரமான இடத்துக்கு மாற்றவேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும்.