இலண்டன் மாநகரின் கறுப்பு வீதிகள்

நகரத்திற் குடியிருக்க வீடு தேடுவோன் வாடகையை வீட்டுக்காரனிடம் கேட்டறியலாம். கூரையையும் தண்ணீர்க் குழாயையும் தானே பார்த்துக்கொள்ளலாம். இருட்டிய பின் அத்தெருவில் மனைவி மக்கள் அச்சமின்றி நடமாட முடியுமா என்பதை யாரிடம் கேட்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் இதற்குப் பெரும்பாலும் வதந்தியே விடை கூறிற்று. 1888ஆம் ஆண்டில் வைட்சப்பல் பகுதியிற் பெண்கள் சிலர் அடுத்தடுத்துக் கொலையுண்டபோது, கிழக்கு இலண்டனின் பெயரே கேட்போரை நடுங்கச் செய்தது.

அவ்வேளையில் அதே தெருக்களை ஒருவர் அமைதியாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். இலிவர்ப்பூலிற் பிறந்த கப்பல் வணிகரான சார்ள்ஸ் பூத் என்பவரே அவர். 1886இல் அவர் தொடங்கிய ஆய்வு 1903இல் பதினேழு தொகுதிகளாக நிறைவெய்தியது. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனரா என வீடு வீடாக விசாரிக்கும் அலுவலரே முதலில் அவருக்குச் செய்தி அளித்தனர். அச்செய்திகளைக் கொண்டு இலண்டன் வரைபடத்தில் வீதிதோறும் நிறம் தீட்டப்பட்டது. செல்வர் வீதி மஞ்சள். வசதியுள்ளோர் வீதி சிவப்பு. பின் இளஞ்சிவப்பு, ஊதா, இளநீலம். அன்றாடம் கூலி கிடைத்தாலன்றி அடுப்பெரியாத குடும்பங்களின் வீதி கடுநீலம். எல்லாவற்றிற்கும் அடியிற் கறுப்பு. நகர மக்களில் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் உழல்வதாக அவர் கண்டார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மற்றைய ஆறு நிறங்களும் மக்களின் பணப்பையை அளந்தன. கறுப்பு நிறமோ குணத்தையும் சேர்த்து நிறுத்தது. தீயொழுக்கமும் பாதிக் குற்றமும் உடையோர் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். ஆகவே வரைபடத்தைப் பார்ப்பவனுக்கு, வறுமை இறங்க இறங்கக் குற்றமாக முடிகிறது என்ற எண்ணம் தானாகவே தோன்றும். பூத் அவ்வாறு கூறினாரோ இல்லையோ, நிறங்களின் வரிசை அதைக் கூறிவிட்டது.

1897 முதல் வரைபடத்தைத் திருத்தும் வேலை நடைபெற்றது. ஜோர்ஜ் டக்வேர்த் முதலிய உதவியாளர் பொலிஸ்காரருடன் நடந்து சென்று, உடைந்த சன்னல், திறந்து கிடக்கும் கதவு, பிள்ளைகளின் உடை, சன்னலிற் பூச்செடி உண்டா இல்லையா என்பவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினர். வீடு தேடும் எவரும் இன்றும் பார்க்கும் அடையாளங்களே இவை. எனினும், பொலிஸ்காரரின் கண்ணுக்குப் பொலிஸாருக்குத் தொல்லை தரும் தெருவே தீய தெரு. மஞ்சள் வீதியின் திரைச்சீலைக்குப் பின்னால் அடிபட்ட மனைவியை அந்தக் கண் காணவில்லை.

கறுப்பு வீதிகளுட் பேர்போனது பெத்னல் கிறீனை அடுத்த பழைய நிக்கல் என்னும் சேரி. ஏறக்குறைய 5,700 பேர் அங்கு நெருக்குண்டு வாழ்ந்தனர். இலண்டன் மாநகர்ப் பிரதேச சபை 1890களில் அதனை இடித்து, செங்கல் மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. 1900இல் அவை திறந்துவைக்கப்பட்டன. வீடுகள் நல்லவை; வாடகையோ பழைய குடிகளுக்கு எட்டவில்லை. அவருள் மிகச் சிலரே திரும்பி வந்தனர். ஏனையோர் அண்டைத் தெருக்களில் ஏற்கெனவே நிறைந்திருந்த அறைகளிற் போய் ஒண்டினர். சேரியின் இடிபாடுகள் புதிய குடியிருப்பின் நடுவே மேடாகக் குவிக்கப்பட்டன. அம்மேட்டின் மேல் அமைந்த பூங்கா இன்றும் இருக்கின்றது.